உள்ளூர் வரலாற்றுக் குழுவுக்கு ஓர் ஆண்டுத் திட்டம் போடுவது எப்படி?

புக்கிட் மெர்தாஜாமில் பத்துப் பேர் சேர்ந்து உள்ளூர் வரலாற்றுக் குழு ஒன்றைத் தொடங்கியிருப்பதாகவும், ஓர் ஆண்டுக்கான உரைகளையும் பயணங்களையும் எப்படித் திட்டமிடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பினாங்குத் தீவில் எங்கள் குழுவுக்கு ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பட்டியலைப் போட்டுவருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உரையையும் பயணத்தையும் சோடி சேர்த்து வையுங்கள். இது எங்களுக்குப் புரிய இரண்டு ஆண்டு பிடித்தது. முதலில் மாதம் ஓர் உரை, பள்ளி விடுமுறையில் ஒரு பயணம் என்று தனித்தனியாக நடத்தினோம். உரைக்கு வந்தவர்கள் பயணத்துக்கு வரவில்லை. பயணத்துக்கு வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு, சாப்பாடு எங்கே என்று கேட்டார்கள். இப்போது ஆண்டுக்கு ஆறே தலைப்புகள். வெள்ளிக்கிழமை இரவு உரை, அடுத்த வாரம் ஞாயிறு காலை அந்த இடத்துக்கே போய்விடுவோம்.

கெடா பயணத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. கெடாவின் பழைய பெயரான கடாரம் என்றாலே நம் ஆட்களுக்கு ராஜேந்திர சோழன்தான். 1025-ல் அவன் படை வந்ததும், அவன் மெய்க்கீர்த்தி ‘கடுமுரட் கடாரம்’ என்று பாடுவதும் உண்மைதான். ஆனால் உரை எதுவும் கேட்காமல் முதல் தடவை மெர்போக்குக்கு பஸ் பிடித்துப் போனபோது, புக்கிட் பாத்து பஹாட் சண்டியின் (பழங்காலக் கோவிலின் சிதைவு) முன்னால் நின்றுகொண்டு ‘இது ராஜேந்திரன் கட்டினதா?’ என்பதைத் தாண்டி ஒரு கேள்வியும் வரவில்லை. மறுமுறை, சோழர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே துறைமுகம் இருந்தது, சுங்கை பத்துவில் இரும்பு உருக்கினார்கள், பௌத்தமும் செழித்திருந்தது என்றெல்லாம் ஒரு மணிநேரம் கேட்டுவிட்டுப் போனோம். எங்களோடு வந்த ஒரு அக்கா தூண் நிறுத்திய அடிக்கற்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். ‘தூண் மரத்துல இருந்திருக்கும், அதான் ஒண்ணும் மிஞ்சலை, இல்லையா?’ என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் பயணத்தை மறக்க மாட்டேன். அதே புஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி 2013-ல் இடிக்கப்பட்ட செய்தியை அங்கே நின்று சொன்னபோது எல்லோருக்கும் மனசு கனத்துப் போனது.

ஊர் நாட்காட்டியை ஒட்டியே மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்குத் தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் செட்டியார்களைப் பற்றிய உரை. 1894-ல் தருவித்த வெள்ளித் தேர், பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் போகும் வழி, வட்டிக்கடையான கிட்டங்கியில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று இருந்த வரிசை எல்லாம் அதில் வரும். அப்புறம் தேர் வரும்போது யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பேச்சாளருக்கு நாற்பது நிமிடம் கொடுத்தால், கேட்க வந்த பெரியவர்களுக்கும் நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். ஒருமுறை துறைமுகத்தைப் பற்றி ஓர் இளம் ஆய்வாளர் பேசினார். பினாங்கின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி 1969-ல் போனதும் வேலை எப்படிச் சுருங்கியது என்று படங்களோடு நன்றாகவே விளக்கினார். கடைசி வரிசையில் எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தா மடியில் செய்தித்தாள் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், ‘தம்பி, நான் ஒண்ணு காட்டலாமா?’ என்று எழுந்து வந்தார். பொட்டலத்துக்குள் மூட்டைக் கொக்கி. இரும்பு கருத்துப் போயிருந்தது. மரப்பிடியில் நான்கு விரல் பதியும் இடங்கள் மட்டும் பள்ளமாகி, மெழுகு தேய்த்ததுபோல் பளபளத்தன. தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி இறக்கியவர் அவர். ‘நடு வயித்துல குத்தினா சாக்கு கிழிஞ்சு அரிசி கொட்டிடும், கூலியில பிடிச்சிடுவாங்க. காது ஓரமா போட்டு, ஒரு உலுக்கு உலுக்கி முதுகுக்கு வாங்கணும்’ என்று அந்தக் கொக்கியைக் காற்றில் வீசிக் காட்டினார். தோள் தானாகவே கீழே இறங்கியது. பேசிய ஆய்வாளர் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலிலிருந்து கடற்கரை வரை அவரையே முன்னால் நடக்கவிட்டோம். எந்த வீட்டு மாடியில் எத்தனை பேர் பாய் போட்டுப் படுத்தார்கள், சமையல் யார் முறை என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று சொன்னார். கைப்பேசியில் பதிவு செய்தோம். எட்டு மாதம் கழித்து அவர் தவறிவிட்டார். பேரப்பிள்ளைகள் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அதனால்தான் வயதானவர்கள் சம்பந்தப்பட்ட தலைப்பை நான் எப்போதும் ஜனவரி, பிப்ரவரியிலேயே போட்டுவிடுவேன். ஆண்டுக் கடைசிக்குத் தள்ளுவதில்லை. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள் உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் இருப்பார்கள். அவர்களை முதலில் தேடுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். செப்டம்பர், அக்டோபரில் வெளிப்பயணம் வேண்டாம், மழை. ஒரு அக்டோபரில் செபெராங் பிறைத் தோட்டச் சாலையில் எங்கள் பஸ் சேற்றில் சிக்கி, மூன்று மணிநேரம் நின்றோம். அந்த இரண்டு மாதமும் உரை மட்டும் வையுங்கள். பயணத்துக்கு ஆளுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) ‘வருகிறேன்’ என்று போடுபவர்களில் பாதிப் பேர்தான் வருவார்கள்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். முதல் தலைப்புக்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். ஜூலையில் செயிண்ட் அன்னாள் திருவிழாவுக்கு ஊரே நிரம்பிவிடும், தமிழ்க் கத்தோலிக்கர்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். அதே தேவாலய வளாகத்துக்குள்தான் சேரோக் தோக்குன் பாறை இருக்கிறது. தென்னிந்திய எழுத்து மரபில் வெட்டிய, தேய்ந்துபோன பழங்கல்வெட்டு. 1840-களில் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ அதைப் பதிவு செய்தார். திருவிழாவுக்கு எத்தனையோ தடவை போனவர்கள்கூட அந்தப் பாறையைப் பார்க்காமலேயே திரும்பியிருக்கிறார்கள், நானும்தான் பல ஆண்டு. ஜூன் கடைசியில் உரையை வையுங்கள், கூட்டம் சேர்வதற்குள் ஒரு காலை வேளையில் பாறையைப் போய்ப் பாருங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெரியும், ஏழரை மணிக்கே அங்கே இருங்கள். தேதி முடிவானால் எழுதுங்கள், நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஃபெர்ரி ஏறி வந்துவிடுகிறோம்.