சம்பளக் கோப்பை இணையத்தில் கசியவிடலாமா?

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். ஊழியர்களிடம் பிடித்த சேமநிதிப் பணத்தை நிறுவனம் எட்டு மாதங்களாகக் கட்டவில்லை. உரிமையாளர் இல்லாத, யாராலும் அழிக்க முடியாத பரவல் தளம் ஒன்றில் சம்பளக் கோப்பைப் போட்டுவிட்டால் என் பெயர் வெளியே வராதுதானே? அப்படிச் செய்வது தப்பா?
– வாசகி, பினாங்கு

பதில்: அந்தக் கோப்பைத் திறக்க உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேருக்கு அனுமதி உண்டு? மூன்று பேருக்கு என்றால், எந்தத் தளத்தில் போட்டாலும் முதலாளி சந்தேகிக்க வேண்டியது மூன்று பேரைத்தான். டோர் போன்ற மென்பொருள் கோப்பு போன வழியை மறைக்கும். அது எந்த அலுவலகத்துக் கோப்பு, அதைத் திறக்கக்கூடியவர்கள் யார் என்பதை மறைக்காது. அமெரிக்காவில் 2017-இல் ரியாலிட்டி வின்னர் என்ற அரசு ஒப்பந்த ஊழியர் ஒரு ரகசிய அறிக்கையை ஒரு செய்தி நிறுவனத்துக்குத் தபாலில்தான் அனுப்பினார். ஆனால் அதை அச்செடுத்தவர்கள் ஆறே பேர். அவர்களில் அந்தச் செய்தி நிறுவனத்தோடு அலுவலகக் கணினியிலிருந்து மின்னஞ்சலில் தொடர்புகொண்டிருந்தவர் அவர் ஒருவரே. கண்டுபிடிக்க அது போதுமானதாக இருந்தது.

‘அழிக்க முடியாது’ என்பதை நீங்கள் வசதியாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அதுதான் பயம். கோப்பில் முதலாளியின் திருட்டோடு சக ஊழியர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றனவே! கசிந்த ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸிடம் இருந்த 251,287 அமெரிக்கத் தூதரகத் தந்திகள் பூட்டிய கோப்பாக, பலரின் கணினிகளுக்கிடையே கோப்பைப் பகிரும் டாரண்ட் வழியே பரவியிருந்தன. 2011-இல் அதன் கடவுச்சொல் ஒரு புத்தகத்தில் அச்சாகிவிட்டது. பரவியதைத் திரும்பப் பெற வழியில்லை. அந்தச் செப்டம்பரில், நம்பிப் பேசியவர்களின் பெயர்கள்கூட மறைக்கப்படாமல் எல்லாமே வெளிவந்தன. செய்தி நிறுவனங்கள் ரகசியமாகக் கோப்பு வாங்கப் பயன்படுத்தும் செக்யூர்டிராப் போன்ற ஏற்பாடு வேறு வகை: கோப்பு ஒரு செய்தி அறைக்குப் போகும், பெயர்களை நீக்க அங்கே ஓர் ஆள் இருப்பார்.

திருட்டை வெளியே சொல்வது தப்பில்லை. அதற்காக மற்றவர்களின் விவரங்களைத் தெருவில் கொட்டுவது தப்பு.

சட்டத்துக்கு வருவோம். தகவல் தருவோரைப் பாதுகாக்கும் மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணை அதிகாரமுள்ள அரசு அமைப்பிடம் சொன்னால்தான் கைகொடுக்கும். இணையத்தில் போட்டவருக்கு அல்ல. அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவு, முறைகேட்டில் தாமே பங்கெடுத்தவரின் பாதுகாப்பை ரத்து செய்ய இடம் தருகிறது. சம்பளச் சீட்டைத் தயாரித்தவர் நீங்கள் என்பதால், புகாருக்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். 2025-இல் இச்சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. நடப்பிலுள்ள வாசகத்தையும் அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் விஷயத்தில் ரகசியக் கோப்பே தேவையில்லை! ஒரு மாதத்தின் சேமநிதிச் சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து சேமநிதிக் கணக்கில் வரவு இல்லையென்றால் அந்த இரண்டு தாள்களே சாட்சி. இரண்டுமே ஊழியரின் சொந்தத் தாள்கள். பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளிக்கு 1991-ஆம் ஆண்டு சேமநிதிச் சட்டத்தின் 48(3) பிரிவின்படி ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். யார் வேண்டுமானாலும் தம் கணக்கைக் காட்டி சேமநிதி வாரியத்தில் புகார் கொடுக்கலாம், நீங்கள் உட்பட. வரவு விவரத்தை மட்டும் அலுவலகக் கணினியில் எடுக்காதீர்கள். வீட்டிலிருந்து உங்கள் கைப்பேசியில் எடுங்கள்.