ஆவணப்படத் தொழில்: கொங்கு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் பணியாற்றிவிட்டுப் பிறகு ஆவணப்படத்துக்கு வந்தவன் என்ற முறையில், கொங்கு வட்டாரத்து வாசகர்கள் இத்தொழிலைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பல்லடம், காட்சித் தொடர்பியல் மாணவி: படிப்பு முடிந்ததும் தொலைக்காட்சியில் சேர்வதா, நேரடியாக ஆவணப்படம் எடுப்பதா?

முதலில் தொலைக்காட்சியில் சேருங்கள். காலையில் படம்பிடித்ததை மாலைச் செய்திக்குள் வெட்டி ஒட்டி முடிக்கும் பழக்கம், எந்தக் காட்சி தேவை, எது தேவையில்லை என்பதை எடுக்கும்போதே தீர்மானிக்கும் தெளிவைத் தரும். ஆனால் ஒலிவாங்கியை நீட்டியதும் பதில் வந்துவிட வேண்டும் என்ற அவசரமும் அங்கேயேதான் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் வேலையில் இருக்கும்போதே, ஊரில் உங்களுக்கு நெருக்கமான ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு, விடுமுறை நாள்களில் கேமரா இல்லாமலும் அந்த மனிதர்களிடம் போய்வாருங்கள்.

சோமனூர், விசைத்தறிக் குடும்பத்து இளைஞர்: தறிக்குடோனுக்குள் பேட்டி எடுத்தால் சத்தத்தில் எதுவும் கேட்பதில்லை, படமும் மினுக்குகிறது. என்ன செய்யலாம்?

மினுக்கலுக்குத் தீர்வு எளிது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) என்று வைத்து, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சத்தம்தான் பெரிய வேலை. சட்டையில் மாட்டும் சிறிய மைக்கை எவ்வளவு நெருக்கமாக வைத்தாலும், ஓடும் தறிக்கு நடுவே பேசுபவர் கத்தித்தான் பேசுவார். கத்திப் பேசும் மனிதரிடம் நீங்கள் தேடும் பேச்சு கிடைக்காது. எனவே குடோனுக்குள் பேச வைக்க வேண்டாம். அங்கே தறி ஓட்டுபவர்கள் கையசைவிலும் உதட்டசைவிலும் பேசிக்கொள்வதை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்திருப்பீர்கள். இழை அறுந்த இடத்துக்கு விரல் தானாகப் போய் முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்புவதையும் பார்த்திருப்பீர்கள். வெளியூரிலிருந்து வரும் படக்குழு இவற்றைக் கவனிக்கவே பல நாள் ஆகும். அதையெல்லாம் அண்மைக் காட்சியாக எடுங்கள். தறியின் ஓசையைத் தனியாக, நீளமாகப் பதிந்துவையுங்கள். பேட்டிக்கு, மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைத் தேர்ந்தெடுங்கள். தறிகள் நின்றதும் அதே இடத்தில், பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசச் சொன்னால், குரலும் கிடைக்கும், வேலை நின்ற நாளின் கூலியைப் பற்றிய பேச்சும் தானாக வரும். என் அனுபவத்தில் இந்தத் தொழிலின் மிக நல்ல பேச்சுகள் இப்படிப்பட்ட நாள்களில்தான் கிடைத்திருக்கின்றன.

திருப்பூர், தனித் தயாரிப்பாளர்: சாயப்பட்டறைத் தொழிலாளர்களிடம் ஒப்புதல் கடிதம் வாங்கினால் போதுமா?

கடிதம் உங்களைக் காக்கும், அவரைக் காக்காது. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் பாழான விவசாயிக்கு அது நியாயமாகவும், பட்டறைத் தொழிலாளிக்கு அன்றாடக் கூலி போன நாளாகவும் இருந்தது. இப்படி இரண்டு பக்கமும் காயம்பட்ட விஷயத்தில், முகத்தைக் காட்டிப் பேசியவருக்கு மறுநாள் வேலை போனால் பொறுப்பு நம்முடையது. கையெழுத்துக்கு முன்பு, படம் எங்கெங்கே ஓடும், முதலாளி பார்க்க வாய்ப்பு உண்டா என்பதைச் சொல்லுங்கள். தொகுத்த பிறகு அவர் வரும் பகுதியை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். நீக்கச் சொன்னால் நீக்குங்கள். படத்துக்கு இழப்புதான், ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஈரோடு, ஒளிப்பதிவாளர்: ஒரு நிறுவனத்துக்காக எடுத்த காட்சிகளை என் படத்தில் பயன்படுத்தலாமா?

ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஆகவே தொகுக்காத மூலக்காட்சிகள் உங்களுடையவை என்ற ஒரு வரியை முன்பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது அதைக் கேளுங்கள். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட முடிந்தது, பல நாடுகளில் யார் யாரோ எடுத்து அழியவிடாமல் வைத்திருந்த படச்சுருள்கள் அவருக்குக் கிடைத்ததால்தான். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். செலவுதான், என்றாலும் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். இன்றைய மஞ்சள் மண்டி ஏலமும் காங்கேயம் மாட்டுச் சந்தையும் இருபது ஆண்டு கழித்து உங்களிடம் மட்டுமே இருக்கக்கூடும்.

கோபி, ஒரு தாய்: மகன் இதில் பிழைத்துக்கொள்வானா?

அம்மா, ஆவணப்படம் மட்டும் எடுத்து மாதச் செலவைப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் படத்தொகுப்பு, ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் மோட்டார் பம்பு ஆலைகளுக்கும் விளம்பரப் படம், கல்லூரியில் பயிற்சி வகுப்பு என்று ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கோவையிலும் திருப்பூரிலும் அந்த வேலைகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் மகனைப் படத்தொகுப்பை நன்றாகக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கேமரா வாங்குவதை மட்டும் தள்ளிப்போடச் சொல்லுங்கள், அது வாடகைக்குக் கிடைக்கும்.

பொள்ளாச்சி, முதல் படம் முடித்தவர்: தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் எங்கே திரையிடலாம்?

திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்டச் சான்றிதழ் கட்டாயம். திரைப்பட விழாக்களுக்கு மத்திய அரசிடம் விலக்குப் பெறும் வழி உண்டு. அதை விழாக் குழுவினரே பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு அருகிலிருப்பது 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழா. மும்பையில் 1990இல் தொடங்கிய விழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். இரண்டுக்கும் ஆங்கில வசனவரி வேண்டும். கொங்குப் பேச்சைப் புரிந்துகொள்பவரை வைத்தே அதை எழுதுங்கள்.