வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து நடத்தும் இசைக்குழுவில் ஒத்திகையை உருப்படியாக நடத்துவது எப்படி?

ஞாயிறுதோறும் 3 மணி நேரம் வாசித்தும் ஒரு பாட்டுகூட முழுசாகத் தேறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கும் அறையில் எங்களுக்கும் இரண்டு வருடம் இதே கதைதான்.

கீபோர்டு, தபலா, ரிதம் பேட், புல்லாங்குழல், பாட இரண்டு பேர். குழல்காரர் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் வேலை செய்பவர், சீசன் வந்தால் ஆளையே பார்க்க முடியாது, அது கிடக்கட்டும். எங்கள் நேரம் எல்லாம் சுருதியில்தான் கரைந்தது. சுருதி எவ்வளவு உயரம் என்பதைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். பாடுகிற அக்கா 5½ கட்டை என்பார், சரணத்தில் மேலே எட்டவில்லை என்றதும் 5-க்கு இறக்கச் சொல்வார். கீபோர்டுக்கு என்ன, ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டு, முடிந்தது. தபலாக்காரர் சுத்தியலை எடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். குழலுக்கு அந்த வசதியும் இல்லை, ஒவ்வொரு கட்டைக்கும் வேறு குழல் வேண்டும், அந்த 5 கட்டைக் குழல் சரியாக அன்றைக்குக் கிருஷ்ணகிரி வீட்டில் இருக்கும்.

இப்போது புதன்கிழமை இரவுக்குள் வாட்ஸப்பில் கட்டை வந்துவிட வேண்டும். சுருதி ஒலிக்கும் தம்புரா ஆப்பை செல்போனில் போட்டுக்கொண்டு, பாட்டில் எந்த வரி உச்சத்துக்குப் போகிறதோ அதை முதலில் பாடிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாற்றம் கிடையாது.

அப்புறம், தப்பு வந்ததும் "முதல்ல இருந்து போலாம்" என்று சொல்வதை நிறுத்துங்கள். அப்படிச் செய்தே எங்களுக்குப் பல்லவி தூக்கத்தில்கூட வரும், இரண்டாவது சரணம் மேடை ஏறும் வரை பச்சையாகவே இருக்கும். அவரவர் பகுதியை வீட்டிலேயே பழகிவிட்டு வர வேண்டும், கூடுகிற இடத்தில் பார்க்க வேண்டியது ஒருவர் விட்டு இன்னொருவர் பிடிக்கிற இடங்களை மட்டும்தான். இடையிசை முடிந்து சரணம் எடுக்கிற அந்த நாலு ஆவர்த்தனத்தை, அதாவது நாலு தாளச் சுற்றை, பத்து தடவை வாசியுங்கள். நாங்கள் இப்போதெல்லாம் இரண்டாவது சரணத்தில்தான் தொடங்குகிறோம்.

குறை சொல்வதுதான் சிக்கல். தபலாக்காரர் எங்களில் மூத்தவர், "அண்ணே, வேகம் ஓடுது" என்று யார் சொல்வது? அதனால் ஒரு செல்போனை அறை நடுவில் நாற்காலி மேல் வைத்துப் பதிவு செய்து போட்டுக் காட்டினோம். பாதி கேட்டதுமே அவரே "நான்தான்டா ஓடுறேன்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் பதிவைக் கேட்காமல் யாரும் யாரையும் எதுவும் சொல்வதில்லை.

முதல் அரை மணி ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்துப் பாருங்கள், கீபோர்டில் உள்ள சின்ன ஸ்பீக்கரே போதும். இல்லாவிட்டால் ஆளாளுக்கு வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

டீயைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வந்தால் அன்றைய ஒத்திகை அதோடு சரி.