மாநில அரசுகளின் புதிய ஃபைபர் வலையமைப்புகளால் வீடுகளுக்கு மலிவாக பிராட்பேண்ட் கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் கேரள அரசின் கே-ஃபோன், நம்மூர் அரசின் டான்ஃபிநெட் என்ற ஃபைபர் வலையமைப்புகளைச் சொல்லி, இனிமேல் கிராமத்து வீடுகளுக்கும் குறைந்த விலையில் நெட் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறார். நான் தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் கேபிள் ஆபரேட்டர். அப்பா டிவி கேபிள் இழுத்தார், நான் ஆறேழு வருடமாக ஃபைபர் இழுக்கிறேன். அதனால் நான் சொல்வதில் என் பிழைப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஊர் வரைக்கும் ஃபைபர் வரும். பல இடங்களில் வந்தும்விட்டது. ஊரிலிருந்து வீட்டுக்கு வருவதுதான் வேறு கதை.

நம்மூர் டான்ஃபிநெட்டுக்கு மூலம் மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்த தேசியக் கண்ணாடி இழைத் திட்டம். பிறகு அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. நாட்டில் உள்ள சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவதுதான் அன்றைய நோக்கம். ஊராட்சிக்குத்தான், வீட்டுக்கு அல்ல. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் குறைந்தது ஒரு ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) வேகம் என்பது டான்ஃபிநெட்டின் கணக்கு. 2020-ல் டெண்டர் ரத்தாகி, 2022-ல்தான் களத்தில் வேலை தொடங்கியது. பெரும்பகுதி மின்கம்பத்திலேயே போகிறது, கொஞ்சம் மட்டும் மண்ணுக்கடியில்.

எங்கள் பக்கம் ஒரு ஊராட்சி அலுவலகத்தில் இந்த ஃபைபர் வந்து சேரும் பெட்டியைப் பார்த்தேன். சுவரில் அழகாக மாட்டியிருந்தது. உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. பிளக் பாயின்டில் மின்விசிறியைச் செருகியிருந்தார்கள். "கரண்ட் போனா பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிக்காது அண்ணாச்சி, அதான் கழற்றி வச்சாச்சு" என்றார் அங்கிருந்த ஊழியர். அவர்மேல் தப்பில்லை. அந்தப் பெட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சரி, பெட்டி ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஒரு வீட்டுக்கு லைன் கொடுக்க என்ன ஆகும்? ஒரு போர்ட்டில் வரும் ஏறக்குறைய இரண்டரை ஜிபிபிஎஸ்ஸை ஸ்ப்ளிட்டர் போட்டு 32 வீடு, 64 வீடு என்று பிரிக்க வேண்டும். ஒளியைப் பிரிக்கப் பிரிக்க பவர் இறங்கும். எட்டாகப் பிரித்தாலே சுமார் பத்து டெசிபல் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு) போய்விடும். வீட்டு வாசலில் ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் இருபது, இருபத்திரண்டு காட்டினால் நிம்மதி. மைனஸ் இருபத்தேழைத் தாண்டினால் மோடமில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கும், எனக்கு போன் வரத் தொடங்கும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் தலைமுடி பருமனில் உள்ள கண்ணாடியைச் சீவி, மெஷினில் வைத்து உருக்கி ஒட்டுவது. அந்த மெஷினை லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினேன், கடனில்தான்.

இதில் கண்ணாடி இழை மலிவு. மீட்டருக்குச் சில ரூபாய்தான். விலையை ஏற்றுவது மனிதக்கூலியும் ரிப்பேரும். அணில் கடிக்கும். வாழைத்தாரை உயரமாக ஏற்றிய லாரி கேபிளை இழுத்துக்கொண்டு போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே அந்த மழையில், ஏரல் பாலமே அறுந்தது. என் கம்பமும் கேபிளும் எம்மாத்திரம்? பதினோரு நாள் லைன் இல்லை. மூன்று கிலோமீட்டர் புதிதாக இழுத்தேன். அந்த மாதம் யாரிடமும் பணம் கேட்கவில்லை, கேட்டாலும் கிடைத்திருக்காது.

இப்போது விலைக்கு வருவோம். கே-ஃபோனை 2023 ஜூன் 5-ல் தொடங்கியபோது அடிப்படைத் திட்டம் மாதம் 299 ரூபாய், 20 எம்பிபிஎஸ். ஆனால் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும், வரிக்கு முன்பே 1,794. இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்று பேச்சு. முதல் கட்டத்துக்குச் சொன்னது சட்டமன்றத் தொகுதிக்கு நூறு வீடு, மொத்தம் 14,000. ஆந்திர அரசின் ஃபைபர் திட்டத்தில் 2017 டிசம்பரில் அதற்கும் ஒரு படி மேலே போய் 149 ரூபாய்க்கு நெட், டிவி, போன் மூன்றும் என்றார்கள். அந்த 149-ல் கம்பத்தில் ஏறுகிறவனுக்கு என்ன மிஞ்சும் என்று நாங்கள் அப்போதே பேசிக்கொண்டோம். ஏறுகிறவனுக்குக் கட்டுப்படியாகாத விலை முதல் மூன்று மாதம்தான் மலிவு. அப்புறம் கம்ப்ளெயின்ட் போட்டால் ஆள் வரமாட்டான்.

தனியார் பக்கம் பாருங்கள். ஜியோ ஃபைபர் 2019 செப்டம்பரில் 699-க்கு ஆரம்பித்தது. ஒரே வருடத்தில் 399-க்கு இறங்கியது. எந்த அரசு வலையமைப்பும் அதை இறக்கவில்லை, போட்டி இறக்கியது. ஆனால் அந்தப் போட்டி நகரத்தில்தான் நடக்கும். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வீடு என்று கணக்குப் பார்ப்பவன், நானூறு வீடும் மீதி வாழைத்தோட்டமுமாக இருக்கிற ஊருக்கு ஏன் வருகிறான்?

அரசு ஃபைபரின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். நான் திருச்செந்தூர் ரோட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டர் லைன் இழுத்து வந்துதான் எங்கள் ஊருக்கு நெட் கொடுக்கிறேன். ஊராட்சி அலுவலகப் பெட்டியிலேயே, எல்லோருக்கும் ஒரே விலை என்று பலகையில் எழுதிப்போட்டு, என்னைப் போன்றவனுக்கும் என் போட்டிக்காரனுக்கும் பேண்ட்வித்தை (நெட் கொள்ளளவை) மொத்தமாக விற்றால் அந்தப் பதினாலு கிலோமீட்டர் செலவு மிச்சம். என்னால் நூறு ரூபாய் குறைக்க முடியும். நான் குறைக்காவிட்டால் அவன் குறைப்பான். அரசே வீட்டு வாசலில் பில் போடுவதைவிட இது நடக்கக்கூடிய காரியம்.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை. 399 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 471. அதைக் கட்டினாலும் வீட்டில் உள்ள மூன்று போனுக்கும் ரீசார்ஜ் நிற்காது, நிறுத்தினால் இன்கமிங் போய்விடும். அதுவும் 28 நாளுக்கு ஒருமுறை, வருடத்துக்குப் பதின்மூன்று தடவை. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. வந்த பேக்குகளின் விலையைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் மாறியதாகத் தெரியவில்லை. ஆக கூலிவேலை செய்யும் வீட்டுக்கு ஃபைபர் என்பது ஒன்றை விட்டு இன்னொன்று அல்ல, மேல்செலவு. அவர்களுக்குக் கட்டுப்படியாவது மாதம் 150, அதிகம் போனால் 200. அந்த விலைக்கு நான் கொடுத்தால் கடை நடக்காது, அரசு கொடுத்தால் மானியம் வேண்டும். பேப்பரில் வரும் விலையை நம்பி இருக்கிற லைனை வெட்டிவிடாதீர்கள். உங்கள் தெருவில் ஜாயின்ட் அடிக்கப்போவது யார், அவன் நம்பர் என்ன என்று முதலில் கேளுங்கள்.

அந்த 150 ரூபாய்க்கு எங்கள் ஊர்க்காரர்கள் தாங்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கீழத்தெருவில் ஒரு ஆச்சி வீட்டில் மட்டும் என் கனெக்‌ஷன். பக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் பாஸ்வேர்ட் தெரியும். ஆளுக்கு 157 ரூபாய். விதிப்படி தப்புதான், நான் கண்டுகொள்வதில்லை. போன ஆடியில் கோயில் கொடை விழாவுக்கு வரி பிரிப்பதில் ஏதோ சண்டை வந்து ஆச்சி பேரனைவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். மறுநாள் காலையில் ஏழு மணிக்கே பக்கத்து வீட்டுக்காரர் என் கடை வாசலில் நின்றார், "புது கனெக்‌ஷன் எவ்வளவு அண்ணாச்சி?" என்று. சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆச்சியிடம் சமாதானம் பேசப் போய்விட்டார்.