கையெழுத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சுற்றுச்சூழலைக் காப்பதற்காக அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: நாடுகளைத் தண்டிக்க உலகில் காவல் துறை எதுவும் இல்லை. அப்படியிருக்க, சுற்றுச்சூழல் உடன்படிக்கைகளில் கையெழுத்திடுவதால் என்ன பயன்? மீறும் நாட்டை யார் கேட்பது?

பதில்: மீறுபவரைப் பிடித்து நிறுத்தும் அதிகாரம் யாரிடமும் இல்லை என்பது உண்மைதான். ஆயினும், மீறுவதைவிடக் கடைப்பிடிப்பதே தமக்கு ஆதாயம் என்று ஒவ்வோர் அரசும் உணரும்படி ஓர் உடன்படிக்கை வகுக்கப்பட்டிருந்தால், அது காவலர் இல்லாமலேயே நிலைத்து நிற்கிறது. இதற்கு நூறாண்டு கடந்த சான்று ஒன்று உண்டு. வட பசிபிக் பகுதியில் உரோமத்துக்காகக் கடல்நாய்கள் பெருமளவில் கொல்லப்பட்டு வந்தன. அவை குட்டி ஈனும் தீவுகள் அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் இருந்தன. நடுக்கடலில் வேட்டையாடிய கப்பல்களோ பெரும்பாலும் கனடாவையும் ஜப்பானையும் சேர்ந்தவை. இரை தேடிக் கடலுக்குள் வந்த தாய்க் கடல்நாய் சுடப்பட்டால் கரையில் அதன் குட்டியும் பட்டினியால் செத்தது. சுடப்பட்டவற்றுள் பல கைக்குக் கிடைக்காமல் நீரில் மூழ்கின. 1911-இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடாவின் சார்பில் பிரிட்டன் ஆகிய நான்கு அரசுகளும் கூடி, நடுக்கடல் வேட்டையைக் கைவிடுவது என முடிவு செய்தன. அவ்வாறு கைவிட்டதற்கு ஈடாக, அமெரிக்காவும் ரஷ்யாவும் தத்தம் தீவுகளில் எடுக்கும் தோல்களில் 15 விழுக்காட்டைக் கனடாவுக்கும் மற்றொரு 15 விழுக்காட்டை ஜப்பானுக்கும் கொடுக்க ஒப்புக்கொண்டன. விலங்கு பெருகினால் நால்வருக்கும் வருமானம் பெருகும். அழிந்தால் நால்வருக்கும் இழப்பு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த ஏற்பாடு நீடித்தது, அழிவின் விளிம்பில் இருந்த கடல்நாய்க் கூட்டங்களும் மீண்டும் பெருகின. அந்த நான்கு அரசுகளுக்கும் விலங்குகள்மீது இரக்கம் இருந்ததா என்று ஆராய வேண்டியதில்லை. கணக்கு நேர்மையாக இருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

மீறல் நிகழ்ந்தபின் என்ன செய்வது என்பதற்கும் நல்ல முன்மாதிரி உண்டு. சோவியத் ஒன்றியம் சிதறிய பின்னர், ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் நெறிமுறையின் காலக்கெடுவுக்குள் தங்களால் ஓசோனைச் சிதைக்கும் பொருள்களின் உற்பத்தியை நிறுத்த இயலாது என்று 1995-இல் ரஷ்யா உள்ளிட்ட சில நாடுகள் தாமாகவே முன்வந்து தெரிவித்தன. மற்ற நாடுகள் அவற்றை வெளியேற்றாமல், ஏன் இயலவில்லை என்று கேட்டறிந்து, புதிய கால அட்டவணை ஒன்றை வகுத்து, ஆலைகளை மூடுவதற்கு நிதியும் ஏற்பாடு செய்தன. சற்றுத் தாமதமானாலும் உற்பத்தி நின்றது.

கேள்வி: ஓசோன் விஷயத்தில் வெற்றி பெற்ற அதே நாடுகள் புவி வெப்பமாதலில் தடுமாறுவது ஏன்?

பதில்: ஓசோன் விஷயம் எளிதாக முடிந்தது என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது, அது சரியன்று. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் ஓசோனைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எழுதியது 1974-இல். உற்பத்தியாளர்கள் அதைப் பல ஆண்டுகள் மறுத்து வந்தார்கள். அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் அளவு ஒவ்வொரு வசந்தத்திலும் சரிந்து வருவதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் கையெழுத்தான வியன்னா உடன்படிக்கையில் குறைப்பு இலக்கு ஒன்றுகூட இல்லை. ஆராய்வோம், தகவல் பகிர்வோம் என்ற அளவிலேயே அது நின்றது. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறிமுறையும் முதலில் பாதியளவுக் குறைப்பையே கோரியது.

அதன் சிறப்பு அந்த முதல் இலக்கில் இல்லை. பின்னாளில் தன்னைத் தானே கடுமையாக்கிக்கொள்ளும் வழியை அது தனக்குள்ளேயே வைத்திருந்தது. ஏற்கனவே பட்டியலில் உள்ள ஒரு பொருளின் காலக்கெடுவை முன்னுக்குக் கொண்டுவர மூன்றில் இரு பங்கு பெரும்பான்மை போதும். ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றமும் மறுபடி ஒப்புதல் தர வேண்டியதில்லை. அறிவியல் சான்றுகள் வலுப்பெற்றபோது, 1990-இல் லண்டனிலும் 1992-இல் கோபன்ஹேகனிலும் கெடு விரைவுபடுத்தப்பட்டது. உறுப்பினரல்லாத நாட்டுடன் இந்தப் பொருள்களில் வணிகம் செய்யக்கூடாது என்ற விதி, வெளியே நிற்பதை நட்டமாக்கியது. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் கிடைத்தது. இருந்தும் சீனாவும் இந்தியாவும் உடனே சேரவில்லை. மாற்றுத் தொழில்நுட்பத்தின் செலவை யார் ஏற்பது என்று அவை கேட்டன. அது நியாயமான கேள்வி. லண்டனில் பலதரப்பு நிதியம் ஒன்று உருவாக்கப்பட்டு, அதன் நிர்வாகக் குழுவில் வளர்ந்த நாடுகளுக்கு ஏழு இடங்களும் வளரும் நாடுகளுக்கு ஏழு இடங்களும் என்று சரிசமமாக ஒதுக்கப்பட்ட பிறகே சீனா 1991-இலும் இந்தியா 1992-இலும் இணைந்தன. இப்போது உலகின் எல்லா நாடுகளும் இதில் உறுப்பினர்கள். உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்க்டிகாவின் மேலே 2066 வாக்கிலும் ஓசோன் படலம் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்று 2022-ஆம் ஆண்டின் அறிவியல் மதிப்பீடு கூறுகிறது.

காலநிலையில் சுமை பன்மடங்கு பெரியது. குளோரோஃபுளோரோகார்பனைச் சில பெரிய நிறுவனங்களே தயாரித்தன, அவற்றிடமே மாற்றுப் பொருளும் இருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் மின்சாரம், போக்குவரத்து, எஃகு, உரம் என எல்லாவற்றின் அடியிலும் இருக்கின்றன. அவற்றை விற்று வாழும் அரசுகளும் உள்ளன. அந்த வேறுபாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் நிதி, அவகாசம், பெரும்பான்மை முடிவு ஆகிய மூன்றில் கடைசியானது காலநிலைப் பேச்சுவார்த்தையில் தொடக்கம் முதலே இல்லாமற்போனது ஒரு பெருங்குறை என்பதே என் கருத்து. அடுத்த கேள்வியும் அதையே தொடுகிறது.

கேள்வி: மாநாடுகளில் ஒரே ஒரு சொல்லுக்காக விடிய விடிய வாதிடுகிறார்கள் என்று படிக்கும்போது வேதனையாக இருக்கிறது. இது காலத்தை வீணாக்குவது ஆகாதா?

பதில்: உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தச் சொல்லில்தான் பல நேரங்களில் ஒரு நாட்டின் கடமையே அடங்கியிருக்கிறது. 2015 டிசம்பர் 12 அன்று புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்துவதற்கான பாரீஸ் ஒப்பந்தம் நிறைவேறவிருந்த கடைசி மணி நேரங்களில், வளர்ந்த நாடுகள் தாம் வெளியிடும் வெப்பமாக்கும் வாயுக்களின் அளவை, அதாவது உமிழ்வை, குறைப்பதைப் பற்றிய நான்காம் பிரிவின் ஓரிடத்தில், ஆங்கில மூலத்தில் 'ஷுட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஷல்' என்று இருப்பதை அமெரிக்கத் தரப்பு கவனித்தது. முன்னது பரிந்துரை, பின்னது சட்டக் கட்டாயம். கட்டாயம் என்றால் அமெரிக்க செனட் சபையின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும். அது கிடைப்பதற்கு வழியே இல்லை என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். வளரும் நாடுகளுக்கும் பொறுப்பு விதிக்காத எந்த உடன்படிக்கையிலும் சேரக்கூடாது என்று அதே சபை 1997-இல் 95-க்கு 0 என்ற கணக்கில் தீர்மானம் இயற்றியிருந்தது. எனவே எழுத்துப் பிழைகளைத் திருத்தும் பட்டியலோடு சேர்த்து இந்தச் சொல்லும் அவையில் படிக்கப்பட்டு மாற்றப்பட்டது, ஒப்பந்தமும் நிறைவேறியது. தமிழில் நாம் இரண்டையுமே 'வேண்டும்' என்று எழுதிவிடுகிறோம். ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

வரைவுகளில் இன்னும் உடன்பாடு காணாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பது மரபு. இரவெல்லாம் பேராளர்கள் செய்வது அந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக நீக்கும் வேலை. அது இவ்வளவு நீளுவதற்குக் காரணம் வாக்கெடுப்பு இல்லாததுதான். 1995-இல் பெர்லினில் கூடிய முதல் காலநிலை மாநாட்டிலேயே வாக்கெடுப்பு விதியில் இணக்கம் ஏற்படவில்லை. அன்று முதல் அந்த விதி ஏற்கப்படாமலேயே கிடக்க, எல்லா முடிவுகளும் ஒருமித்த கருத்தின்படியே எடுக்கப்படுகின்றன. அதனால் உறுதியாக எதிர்க்கும் ஒரு சில நாடுகளால்கூட மற்ற எல்லோரையும் தாமதிக்க வைக்க முடிகிறது. 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், நிலக்கரி மின்சாரத்தைப் 'படிப்படியாக ஒழிப்பது' என்ற தொடர் இறுதி நேரத்தில் இந்தியா முன்வைத்த திருத்தத்தால் 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாறியது. கடல்மட்ட உயர்வால் மண்ணையே இழக்கும் நிலையிலுள்ள தீவு நாடுகள் தங்கள் ஏமாற்றத்தை அவையில் பதிவு செய்துவிட்டு, முடிவே இல்லாமற்போவதைவிட இது மேல் என்று ஒப்புக்கொண்டன. அவர்களுடைய அந்த ஒப்புதலில் இருந்த பெருந்தன்மை போதுமான அளவு பேசப்படவில்லை என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஒரு பெரிய நாடு விலகிவிட்டால் ஒப்பந்தம் செத்துவிடுமா?

பதில்: சாவதில்லை, ஆனால் காயம்படுகிறது. வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக்கு வரம்பிட்ட கியோட்டோ நெறிமுறையில் அமெரிக்கா சேரவே இல்லை, கனடா 2011-இல் விலகுவதாக அறிவித்தது, அதன் பிறகு அந்த நெறிமுறை மெலிந்துகொண்டே போயிற்று. பாரீஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2020 நவம்பரில் வெளியேறி, 2021 பிப்ரவரியில் திரும்பி வந்து, 2025 ஜனவரியில் மீண்டும் விலகலை அறிவித்தது. மற்ற பெரிய நாடுகள் அதைப் பின்தொடர்ந்து வெளியேறிவிடவில்லை. விலகும் அரசு எல்லாக் கடமைகளிலிருந்தும் விடுபட்டுவிடுவதும் இல்லை. வனுவாட்டு என்ற சிறு தீவு நாட்டின் முன்முயற்சியால் ஐ.நா. பொதுச்சபை கேட்ட விளக்கத்துக்கு, சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று ஒருமனதாக அளித்த ஆலோசனைக் கருத்தில், சுற்றுச்சூழலுக்குப் பெருந்தீங்கு நேராமல் தடுக்கும் கடமை வழக்காற்றுச் சட்டத்தின்படியும், அதாவது ஒப்பந்தம் இல்லாமலேயே நாடுகளின் நெடுநாள் நடைமுறையால் கட்டாயமாகிவிட்ட சட்டத்தின்படியும், நாடுகளுக்கு உண்டு என்று கூறியிருக்கிறது.

கேள்வி: மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்பதுதானே நீதி? பாதிக்கப்பட்டவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

பதில்: நீதி அதுவே. ஆனால் எல்லை கடந்த மாசில், மேலே இருப்பவரை வற்புறுத்தக் கீழே இருப்பவரால் இயலாது. ரைன் ஆற்றில் பிரான்சின் பொட்டாஷ் சுரங்கங்கள் கொட்டிய உப்பு, ஆற்றின் கடைக்கோடியில் உள்ள நெதர்லாந்தின் குடிநீரையும் வேளாண்மையையும் கெடுத்தது. நீண்ட பேச்சுக்குப் பின் 1976-இல் எட்டிய உடன்பாட்டின்படி, உப்பைக் குறைக்கும் செலவில் பிரான்சும் ஜெர்மனியும் தலா 30 விழுக்காடு, சுவிட்சர்லாந்து 6 விழுக்காடு, எந்தத் தவறும் செய்யாத நெதர்லாந்து 34 விழுக்காடு ஏற்றன. இது நெதர்லாந்துக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆயினும் உப்பு நீரோடு இன்னும் பல ஆண்டுகள் காத்திருப்பதா, பணத்தைக் கொடுத்து முடிப்பதா என்ற நிலையில் அந்த அரசு எடுத்த முடிவைக் குறைகூற மனம் வரவில்லை.

காலநிலையில் நிலைமை நேர்மாறானது. வரலாற்றில் அதிகம் உமிழ்ந்தவையே இன்று வசதியான நாடுகள். வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலரை 2020-க்குள் திரட்டித் தருவதாக 2009-இல் அவை வாக்குறுதி அளித்தன. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்குப்படியே அந்த வாக்குறுதி 2022-இல்தான் முதன்முதலாக நிறைவேறியது; அரசுகள் வழியே தரப்பட்ட தொகையிலும் பெரும்பகுதி கடன். தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு 1991-இல் எழுப்பிய இழப்பீட்டுக் கோரிக்கைக்கு, 2022-இல் எகிப்தின் ஷர்ம் அல்-ஷேக் நகரில் நடந்த காலநிலை மாநாட்டில்தான் ஒரு நிதியம் அமைக்கச் சம்மதம் கிடைத்தது. இடைப்பட்டவை முப்பத்தோர் ஆண்டுகள். பணக்கார நாடுகளின்மீது வளரும் நாடுகளுக்கு இருக்கும் ஐயத்துக்கு இந்தக் கால இடைவெளி ஒன்றே போதிய காரணம்.

கேள்வி: பிளாஸ்டிக் மாசு ஒப்பந்தம் ஏன் இன்னும் நிறைவேறவில்லை?

பதில்: சட்டக் கட்டாயமுள்ள ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் எல்லா நாடுகளும் தீர்மானித்தன. 2024 இறுதியில் புசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் அமர்வுகள் முடிவு எட்டாமல் கலைந்தன. பிளாஸ்டிக் உற்பத்திக்கே வரம்பு வேண்டும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கேட்கின்றன. எண்ணெய் உற்பத்தி செய்யும் சில நாடுகள், கழிவை நன்றாகக் கையாண்டால் போதும் என்று மறுக்கின்றன. ஆண்டுதோறும் கூடுதலாக உற்பத்தியாகும் பொருளைக் கழிவு நிலையில் மட்டும் துரத்திப் பிடிப்பது இயலாத காரியம் என்பதால், நான் முதல் தரப்பின் பக்கம் நிற்கிறேன். இங்கும் முட்டுக்கட்டை பழையதுதான்: 2023-இல் பாரீஸில் நடந்த இரண்டாம் அமர்வின் முதல் இரண்டு நாள்கள், முடிவுகளை வாக்கெடுப்பால் எடுக்கலாமா என்ற நடைமுறை விவாதத்திலேயே கழிந்தன, அந்தக் கேள்வி இன்னும் தீர்க்கப்படவில்லை. உற்பத்தி வரம்பை இப்போதே எழுத முடியாவிட்டாலும், அதைப் பின்னர் பெரும்பான்மையால் சேர்க்க வழிவிடும் ஒரு பிரிவையும், வெளியே நிற்கும் நாடுகளோடு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பிரிவையும் இந்த வரைவில் இடம்பெறச் செய்ய அந்த நூறு நாடுகளும் முழு மூச்சுடன் வாதாட வேண்டும்.