கியூ வீதியில் ஒரு தோட்டம் இருந்தது

அன்புள்ள ஐயா,

பேராதனைப் பூந்தோட்டம் பற்றி நீங்கள் எழுதியதை என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வாசித்து முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், காடு, தோட்டம், கம்பஸ் எல்லாம் மலைக்குப் போயிட்டுது. எங்களுக்கு என்ன இருக்கு?" எனக்குப் பதில் வரவில்லை. பல்கலைக்கழகத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோனதே பிழை என்றுதான் எனக்கும் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

*

அன்புள்ள ரீச்சர்,

அந்தப் பிள்ளையின் கேள்வியோடு இரண்டு நாள் திரிந்தேன். பிறகு பஸ் ஏறிக் கொம்பனித்தெருவில் இறங்கி, கியூ வீதியில் நடந்தேன். மதில்கள், மாடிகள், நெரிசல். ஒரு மதிலின் வெடிப்பில் மட்டும் விரல் நீள அரசங்கன்று ஒன்று இரண்டு இலை விட்டு நின்றது.

அந்த வீதியின் பெயர் லண்டன் கியூ தோட்டத்தின் பெயர். ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோசப் பாங்க்ஸின் ஆலோசனைப்படி 1810இல் ஆங்கிலேயர் தாவரத் தோட்டம் திறந்தது கொம்பனித்தெருவில்தான். இடம் போதாமல் அது 1813இல் களுத்துறைக்குப் போய், 1821இல் அலெக்சாண்டர் மூன் காலத்தில் பேராதனையை அடைந்தது. பேராதனையின் முதல் விதை கொழும்பு மண்ணில் விழுந்தது என்று உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகமும் அதே பாதையில்தான் போயிருக்கிறது. பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் 1906இலிருந்து கேட்டுக் கேட்டு, 1921இல் தேர்ஸ்டன் வீதியில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. பட்டம் மட்டும் லண்டனுடையது. 1942இல் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் இங்கேதான். அடுத்த வருடம் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்த விபுலானந்த அடிகள் லண்டன் பி.எஸ்ஸி. பட்டதாரி. தமிழும் விஞ்ஞானமும் ஒரே மனிதருக்குள் இருந்தன. அதை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளின் முகம் மாறும்.

கொண்டுபோனது பிழை என்கிறீர்கள். அதில் நான் உங்களோடு இல்லை. கொழும்பின் புல்லர்ஸ் வீதியா கண்டியா என்று வருடக்கணக்காக நடந்த இழுபறியின் முடிவில்தான் பேராதனை வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் ஒரே விடுதியில் தங்கி, ஹந்தானை அடிவாரத்தில் மகாவலிக் கரையில் படிக்க வேண்டும் என்ற எண்ணம் பெரிய எண்ணம். கொழும்பில் அதற்கு இடம் ஏது? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1952இல் கலைப்பீடம் மலையேறியபோது விஞ்ஞானமும் மருத்துவமும் கொழும்பிலேயே நின்றுவிட்டன. பேராதனையில் விஞ்ஞான பீடம் வந்தது 1961இல்தான். தோட்டம் மேலே, தாவரவியல் படித்த பிள்ளைகள் கீழே. அந்த இடைவெளி எனக்கு இன்றும் வலிக்கிறது.

சரி, கீழே என்ன இருந்தது? சதுப்பு. கொழும்பு சதுப்பின் மேல் இருக்கும் ஊர். மழை கொட்டும்போது வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்வது அந்தச் சேறுதான். அதை மண் போட்டு நிரப்பிய இடங்களில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் அமைப்பு உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று 18 நகரங்களை ஏற்றபோது அதில் கொழும்பும் ஒன்று. மீன்பிடிப் பூனை இந்த நகரத்துக்குள்ளேயே இன்னும் உலவுகிறது. உங்கள் வெள்ளவத்தைக் கால்வாயில் கபரக்கொய்யா என்ற நீர் உடும்பு நீந்துவதைப் பிள்ளைகள் தினமும் பார்த்திருப்பார்கள், அதைச் சொத்தென்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இன்னொரு பக்கம், அன்னமுன்னாவின் இனத்தைச் சேர்ந்த ஓர் அந்நிய மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சதுப்பை மூடிக்கொண்டிருக்கிறது. அதையும் அவர்கள் அறிய வேண்டும்.

பேராதனைத் தோட்டத்தின் பணிப்பாளராக இருந்த ஹென்றி டிரைமன் எழுதிய இலங்கைத் தாவர நூலை ஒருமுறை நூலகத்தில் புரட்டினேன். 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்கள். நடுவில் 1896இல் அவர் இறந்துவிட, கியூ தோட்டத்தின் முன்னாள் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் முடித்துவைத்தார். லத்தீன் பெயருக்குக் கீழே சிங்களப் பெயர், பக்கத்தில் 'டி' என்று ஓர் ஆங்கில எழுத்தோடு தமிழ்ப் பெயர். பாலை, முதிரை என்று ஆங்கில எழுத்தில் வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆரோ ஒரு தமிழர் மரத்தடியில் நின்று வாயால் சொல்லியிருக்கிறார், அது அச்சில் நிற்கிறது.

பத்தகானை ஈரநிலப் பூங்கா ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை வெயில் ஏற முதல் கூட்டிக்கொண்டு போங்கள். கொப்பியில் இரண்டு நிரல் போடச் சொல்லுங்கள்: கண்டது, தமிழ்ப் பெயர். கோரையும் நாணலும் அவர்களுக்கே தெரியும். பாய் இழைக்கும் பன் எதுவென்று அம்மம்மாவிடம் கேட்கட்டும். பெயர் தெரியாததற்கு இடம் விட்டு வைக்கட்டும். நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.