தொழிற்கூடத்தில் உள்ள ஆபத்துகளைக் கண்டறிய, சரிபார்ப்புப் பட்டியல் மட்டும் போதுமா?

வட சென்னையில் அறுபது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் உங்களைப் புதிதாகப் பாதுகாப்புக் குழுவில் சேர்த்து, கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலையும் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு ஆபத்துகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மணலி, திருவொற்றியூர் பகுதித் தொழிற்சாலைகளில் முதலில் ஹெல்பராகவும் ஃபிட்டராகவும், பிறகு பாதுகாப்பு அலுவலராகவும் இருபத்தேழு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் ஒரு வாரம் அந்தப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வேலை நடப்பதை நின்று பாருங்கள். பட்டியல் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியே கேட்கும். அந்த இயந்திரத்தோடு ஒருவர் நாள் முழுவதும் எப்படிப் போராடுகிறார் என்பது அதில் இருக்காது.

ஒரு பிரஸ் ஷாப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். தகட்டை அழுத்தி ஓட்டை போடும் பவர் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டு கைகளாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் என்னும் அழுத்தும் மேல்பகுதி கீழே இறங்கும் என்பதால், டை என்னும் அச்சுக்குள் விரல் இருக்க வாய்ப்பில்லை. அங்கே இடது பொத்தானின்மேல் மடித்த அட்டையை வைத்து, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டி, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்திருந்தார்கள். பட்டியலில் 'இரு கைப் பொத்தான் உள்ளதா' என்ற கேள்விக்கு எதிரே மாதாமாதம் 'ஆம்' என்று டிக் விழுந்துகொண்டிருந்தது. நான் ஆபரேட்டரின் அருகில் போய், "அண்ணே, இடது கையால் எதைப் பிடிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன். "தகடு நிக்க மாட்டேங்குது சார், பிடிச்சாத்தான் ஓட்டை நேரா விழுது" என்றார். டையைக் கழற்றிப் பார்த்தபோது, தகட்டை நிறுத்த வேண்டிய 'பின்' என்ற சிறு முளை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. அந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவருக்கு மெமோ கொடுத்திருந்தால், மறுநாள் இரவு ஷிப்ட்டிலேயே வேறொரு அட்டை வந்திருக்கும். பின்னை மாற்றினோம், இரண்டு பொத்தான்களையும் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால்தான் இயங்கும்படி மின்சுற்றையும் மாற்றினோம். அதன் பிறகு எவரும் எதையும் கட்டவில்லை.

ஆகவே, கட்டிவைத்த கம்பி, முட்டுக்கொடுத்த கட்டை, கழற்றிச் சுவரோரம் சாய்த்த இயந்திரத் தடுப்பு, ஃபியூஸுக்குப் பதிலாக முறுக்கிய செம்புக் கம்பி ஆகியவற்றை எங்கே கண்டாலும், அங்கே வேலைக்கும் கருவிக்கும் ஏதோ ஒரு பொருந்தாமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள், குற்றம் சாட்டும் குரல் இல்லாமல் கேளுங்கள். உங்கள் பட்டறையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருந்தால், மேஸ்திரியை மட்டும் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். மேஸ்திரி முன்னால் உண்மை பாதிதான் வரும். அவர்களின் மொழியும் தமிழும் தெரிந்த சக தொழிலாளி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எப்போது பார்ப்பது என்பது. காலை பத்து மணிக்கு, எல்லோரும் ஹெல்மெட் போட்டிருக்கும் நேரத்தில் சுற்றி வந்தால் பட்டறை ஒழுங்காகத்தான் தெரியும். ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்தில் பாருங்கள். லாரி வந்து சரக்கு இறங்கும்போது, தொங்கும் தகட்டுக் கட்டைக் கையால் திருப்பிவிட யார் அடியில் போகிறார் என்று பாருங்கள். சரக்கைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கில் அறுந்த இழை இருக்கிறதா, சங்கிலியில் நீண்ட கண்ணி இருக்கிறதா என்பதை அப்போதே பார்த்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போதாவது ஒருமுறை மட்டும் நடக்கும் வேலைகளைப் பாருங்கள்: மெஷின் நின்றுபோனபோது செய்யும் ரிப்பேர், கூரை ஷீட் மாற்றுவது, தொட்டி கழுவுவது. நான் அறிந்த பெரிய விபத்துகள் பெரும்பாலும் இந்த வேலைகளில்தான் நடந்தன.

அதில் ஒன்று என் கண்முன்னே நடந்தது. நான் ஹெல்பராக இருந்த தொழிற்சாலையில், கழிவுநீர் சம்ப்பில் பம்பு அடைத்துக்கொண்டது. என்னைவிட மூத்தவர் ஒருவர் ஏணி வழியாக இறங்கினார். நான்காவது படியில் இருக்கும்போதே பிடி தளர்ந்து சரிந்தார். பம்பைத் தூக்குவதற்காக இடுப்பில் சுற்றியிருந்த கயிறு மட்டும் மேலே எங்கள் கையில் இருந்தது. அவரைத் தூக்கிவிட நானும் இறங்கப் போனேன். ஃபோர்மேன் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நாலு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்து அவரை மேலே கொண்டுவந்தோம்; பிழைத்துக்கொண்டார். நான் இறங்கியிருந்தால் எனக்குக் கயிறு இல்லை. அந்த சம்ப் கேன்டீனுக்குப் போகும் வழியில் இருந்தது, தினமும் அதைத் தாண்டித்தான் போனோம், எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

தேங்கிய கழிவில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல் நாறும். சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கின் நுகரும் திறனையே மழுக்கிவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் அந்த நேரத்தில்தான் இறங்குகிறார். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் அந்த இடத்தில் மூச்சுக்கருவி இல்லாமல் நுழையக் கூடாது. இதை மீட்டரால் மட்டுமே அறிய முடியும். உங்கள் வளாகத்தில் ஆள் நுழையக்கூடிய குழி, தொட்டி, டேங்க் அனைத்தையும் முதலில் எண்ணி வரைபடத்தில் குறியுங்கள். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மெதுவாகக் கொல்லும் ஆபத்துகள் கண்ணில் படாதவை என்பதால் அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் நீங்கள் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அங்கே இரைச்சல் 85 டெசிபலை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கலாம். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். "வீட்டில டிவி சத்தத்தை ரொம்ப வைக்கிறேன்னு சண்டை" என்று கிரைண்டிங் பிரிவில் ஒருவர் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து ஏர் ஹோஸால் உடையின் தூசியை ஊதுவது, தின்னரில் கை கழுவுவது ஆகியவையும் இந்த வகைதான். நம் ஊர்க் கத்திரி வெயிலில், கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலராது. அந்த மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே வெல்டிங் செய்பவருக்குத் தலைசுற்றுவதும் ஓர் ஆபத்துதான்.

வட சென்னையில் இன்னொன்றும் உண்டு: காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே இருப்பது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளம். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவையொட்டி எண்ணூரில் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியாக் கசிவு. வெள்ளம் வடிந்தபின் நனைந்த மோட்டாரையும் பேனல் போர்டையும் சோதிக்காமல் ஸ்விட்ச் போடுவது, பக்கத்து ஆலையில் வாயு கசிந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியாமல் கேட்டை நோக்கி ஓடுவது ஆகிய இரண்டையும் உங்கள் குறிப்பில் சேருங்கள். காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்ல இரண்டாவது வாசல் இருக்கிறதா, அது இரவில் பூட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கண்டதை எழுதும்போது 'மின் வயர் சரியில்லை' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். எந்த இடம், எந்த வேலை, எந்த நேரம், யாருக்கு என்ன ஆகலாம், யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆட்கள் 'ஜஸ்ட் மிஸ்' என்று சிரித்துக்கொண்டே சொல்லும் சம்பவங்களையும் எழுதுங்கள். நிர்வாகம் கேட்காது என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. போபாலில் 1984-இல் நடந்த கொடுமைக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான செயல்முறை நடக்கும் ஆலைகளில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றும், உடனடி ஆபத்து இருப்பதாக உணரும் தொழிலாளி அதை நிர்வாகத்திடம் நேரடியாகவோ குழு உறுப்பினர் வழியாகவோ தெரிவிக்கலாம் என்றும் எழுதிவைத்தார்கள். குழுவில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அந்த வழியில் வந்தது. தேதி கடந்தும் சரிசெய்யாத பதிவுகளை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால், அந்தப் பதிவேட்டின் நகலுடன் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள்.